காசநோயாளியின் எடையும் உயிரும்: இரு பதிவேடுகளை இணைத்துப் படிக்கும் புள்ளியியல்

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் உலகெங்கும் புதிதாகக் காசநோய்க்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினர், அதாவது சுமார் 28 லட்சம் பேர், நமது நாட்டைச் சேர்ந்தவர்கள். இந்நோயைக் குணப்படுத்தும் மருந்துகள் கண்டறியப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அவை அரசால் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. ஆயினும், சிகிச்சை தொடங்கிய பின்னரும் நோயாளிகளில் ஒரு பகுதியினர் இறந்துவிடுகின்றனர். யார் இறக்கும் அபாயத்தில் இருக்கின்றனர், அந்த அபாயம் எப்போது மிகுதி, எந்த அறிகுறியைக் கொண்டு அதனை முன்கூட்டியே உணரலாம் என்பன மருத்துவரின் கேள்விகள் மட்டுமல்ல. உணவு உதவிக்கும் படுக்கை வசதிக்கும் நிதி ஒதுக்கும் நிர்வாகத்தின் கேள்விகளும் இவையே.

இவற்றுக்கு விடை காணத் தேவையான தகவல்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு சிகிச்சை நிலையத்திலும் இரு வகைக் குறிப்புகள் வைக்கப்படுகின்றன. நோயாளி வரும்போதெல்லாம் எடுக்கப்படும் எடை ஒரு வகை. நோயாளி குணமடைந்தாரா, இறந்தாரா, வேறு ஊருக்குச் சென்றாரா, சிகிச்சையை இடையில் கைவிட்டாரா என்ற முடிவும் அதன் தேதியும் மற்றொரு வகை. முதலாவது ஊட்டச்சத்து அறிக்கைக்குச் செல்கிறது. இரண்டாவது சிகிச்சை முடிவுகள் பற்றிய அறிக்கைக்குச் செல்கிறது. ஒரே மனிதரைப் பற்றிய இவ்விரு குறிப்புகளும் பெரும்பாலும் மீண்டும் சந்திப்பதே இல்லை.

இவற்றைத் தனித்தனியே படிப்பதால் எத்தகைய தவறுகள் நேர்கின்றன என்பதையும், இணைத்துப் படிப்பதற்குப் புள்ளியியல் வகுத்துள்ள முறை யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

சராசரி ஏன் உயர்ந்தது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சிகிச்சை பெறும் நோயாளிகளின் சராசரி எடை இரண்டாம் மாத முடிவில் கணிசமாக உயர்ந்துள்ளதாக ஓர் அட்டவணை காட்டியது. கூட்டத்தில் அனைவரும் மகிழ்ச்சி தெரிவித்தனர். பின்வரிசையில் அமர்ந்திருந்த இளம் புள்ளியியல் உதவியாளர் ஒருவர் மட்டும், "ஐயா, முதல் மாதத்தில் எடை பார்த்த அதே நோயாளிகள்தாமா இவர்கள்?" என்று தயக்கத்துடன் கேட்டார். அட்டவணையில் அதற்கு விடை இல்லை. பின்னர், இரு மாதங்களிலும் எடை பார்க்கப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது, உயர்வில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. கணக்கில் எவரும் பொய் எழுதவில்லை. ஒவ்வோர் எண்ணும் சரியானதே. ஆனால் சராசரி சொன்ன செய்தி தவறானது.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு நிலையத்தில் பத்து நோயாளிகள் சேர்கின்றனர். மூவரின் எடை தலைக்கு 32 கிலோ. எழுவரின் எடை தலைக்கு 42 கிலோ. பத்துப் பேரின் சராசரி 39 கிலோ. மிக மெலிந்திருந்த மூவரும் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகின்றனர். எஞ்சிய எழுவரின் எடை ஒரு கிராமும் கூடவில்லை, குறையவும் இல்லை. இரண்டாம் மாதச் சராசரி 42 கிலோ. எவருடைய எடையும் கூடாத நிலையிலும் அறிக்கை மூன்று கிலோ முன்னேற்றம் காட்டுகிறது. எழுவரும் ஒவ்வொரு கிலோ இழந்திருந்தால்கூட, சராசரி 41 கிலோவாகி இரண்டு கிலோ உயர்வு தெரியும்.

மூவரின் இறப்பே சராசரியை உயர்த்தியது. யார் கணக்கிலிருந்து விலகுகின்றனர் என்பது அவர்களுடைய எடையோடு தொடர்புடையதாக இருக்கும்போது, எஞ்சியவர்களின் சராசரி முழுக் கூட்டத்தின் நிலையைக் காட்டாது. தொடர் அளவீடுகளை மட்டும் தனியே படிப்பதிலுள்ள அடிப்படைக் குறைபாடு இதுவே.

ஆயுட்கணக்கின் வளர்ச்சி

இரண்டாவது பதிவேடான உயிர்வாழ் காலத்துக்கு மிகப் பழைய வரலாறு உண்டு. 1662-இல் லண்டன் நகரத்து இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிரான்ட் என்ற வணிகர் நூல் வெளியிட்டார். 1693-இல் வானியல் அறிஞர் எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் அட்டவணை ஒன்றை அமைத்தார். ஆயுள் காப்பீட்டுக்கு அடிப்படையான கணக்கு இவ்வழியில் வளர்ந்தது. நமது நாட்டிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தும், பின்னர் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவுத் திட்டத்திலிருந்தும் ஆயுள் அட்டவணைகள் தயாரிக்கப்பட்டு வந்துள்ளன. ஆயிரம் பிறப்புகளுக்கு 1971-இல் 129 ஆக இருந்த குழந்தை இறப்பு வீதம் 2020-இல் 28 ஆகக் குறைந்தது என்பதை நாம் அறிவது இம்மாதிரிப் பதிவுகளால்தான்.

மருத்துவ ஆய்வில் இக்கணக்குக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆய்வு முடியும் நாளில் பலர் உயிரோடு இருப்பர். சிலர் இடையிலேயே வேறு ஊருக்குச் சென்றிருப்பர். அவர்கள் எத்தனை காலம் வாழ்ந்தனர் என்பது முழுமையாகத் தெரியாது. குறைந்தது இத்தனை மாதம் வாழ்ந்தனர் என்பது மட்டும் தெரியும். இத்தகைய தகவலை 'இடையறு தகவல்' எனலாம்.

பத்து நோயாளிகளில் முதல் மாதத்தில் ஒருவர் இறக்கிறார். இரண்டாம் மாதத்தில் ஒருவர் வெளியூர் செல்கிறார். மூன்றாம் மாதத்தில் இன்னொருவர் இறக்கிறார் என்று கொள்வோம். மூன்று மாதம் உயிர்வாழ்ந்தோர் எத்தனை விழுக்காடு? வெளியூர் சென்றவரை உயிரோடிருப்பவராகக் கொண்டால் 80. இறந்தவராகக் கொண்டால் 70. இரண்டுமே ஊகம். 1958-இல் கப்லான், மையர் ஆகிய இருவரும் விளக்கிய முறை ஊகத்தைத் தவிர்க்கிறது. முதல் மாதத்தில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தனர். மூன்றாம் மாத இறப்பு நேர்ந்தபோது கண்காணிப்பில் இருந்தவர் எண்மர். அவர்களில் எழுவர் பிழைத்தனர். இவ்விரு பின்னங்களையும் பெருக்கினால் கிடைப்பது 78.75 விழுக்காடு. வெளியூர் சென்றவர் தாம் இருந்த காலம்வரை கணக்கில் பங்கு பெறுகிறார்; அதன் பின் விலகுகிறார்.

1972-இல் ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் டேவிட் காக்ஸ் அடுத்த படியை எடுத்துவைத்தார். குறிப்பிட்ட ஒரு நாள்வரை உயிரோடிருக்கும் ஒருவர் அதனை அடுத்த குறுகிய காலத்தில் இறக்கும் வேகத்தை 'இடர்வீதம்' என்கிறோம். வயது, எடை, பிற நோய்கள் போன்ற காரணிகள் இந்த இடர்வீதத்தை எத்தனை மடங்கு கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன என்பதை மதிப்பிட அவர் வழி வகுத்தார். அடிப்படை இடர்வீதம் காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டியதில்லை என்பது இம்முறையின் சிறப்பு.

ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு

முதல் பதிவேடான தொடர் அளவீடுகளின் ஆய்விலும் இதே காலத்தில் முன்னேற்றம் ஏற்பட்டது. இதில் இந்தியாவின் பங்கு பெருமைக்குரியது. கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய சி. ஆர். ராவ், வளர்ச்சிக் கோடுகளை ஒப்பிடும் முறைகளைப் பற்றி 1958-இலும் 1965-இலும் எழுதிய கட்டுரைகள் இத்துறையின் அடிப்படை ஆக்கங்களுள் இடம்பெறுகின்றன. ஒவ்வொருவரின் வளர்ச்சியும் தனிக் கோடு. அக்கோடுகளின் தொடக்கமும் சரிவும் ஆளுக்கு ஆள் மாறுபடுபவை என்ற கருத்தை அவர் கணிதமாக்கினார். 1982-இல் லேர்ட், வேர் ஆகியோர் இக்கருத்தை மருத்துவத் தகவல்களுக்குப் பரவலாகப் பயன்படும் வடிவில் அமைத்துத் தந்தனர்.

இம்முறையில் ஒரு நோயாளியின் எடை இரு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று, கூட்டம் முழுமைக்கும் உரிய சராசரிக் கோடு. மற்றொன்று, அக்கோட்டிலிருந்து இந்த நோயாளி எவ்வளவு மேலே அல்லது கீழே தொடங்கினார், எவ்வளவு விரைவாக அல்லது மெதுவாக ஏறினார் என்ற தனி விலகல். இவை போக எஞ்சுவது அளவைப் பிழை. காலணியுடன் நிற்பது, தராசு மாறுவது, உணவுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது ஆகியவற்றால் உண்டாகும் சிறு வேறுபாடுகள் இப்பிழையில் அடங்கும்.

மூன்று குறுக்கு வழிகள்

எடைக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை அறிய விரும்புவோர் பொதுவாக மூன்று குறுக்கு வழிகளைக் கையாள்கின்றனர்.

முதலாவது, சேர்ந்த நாளின் எடையை மட்டும் பயன்படுத்துவது. இது தவறன்று, ஆனால் குறைவானது. 38 கிலோவில் தொடங்கி ஏறிக்கொண்டிருப்பவரையும், அதே 38 கிலோவில் தொடங்கி இறங்கிக்கொண்டிருப்பவரையும் இது ஒன்றாகவே கருதும்.

இரண்டாவது வழி ஆபத்தானது. இரண்டாம் மாத முடிவில் எடை கூடியவர்கள், கூடாதவர்கள் என்று நோயாளிகளைப் பிரித்து, சேர்ந்த நாள் முதல் நேர்ந்த இறப்புகளையெல்லாம் இரு பிரிவுகளிலும் எண்ணுவது. நூறு நோயாளிகள் உள்ளனர் என்று கொள்வோம். இரண்டு மாதத்துக்குள் பத்துப் பேர் இறக்கின்றனர். எஞ்சிய 90 பேரில் 45 பேரின் எடை கூடியது. 45 பேருக்குக் கூடவில்லை. அதன் பின் இரு பிரிவிலும் மும்மூன்று பேர் இறக்கின்றனர். உண்மையில் இரு பிரிவினரின் அபாயமும் ஒன்றே. ஆனால் முன்னரே இறந்த பத்துப் பேரும் 'எடை கூடியவர்' பட்டியலில் இடம்பெறவே முடியாது. அவர்களைக் 'கூடாதவர்' பட்டியலில் சேர்த்தால், அப்பிரிவில் 55 பேரில் 13 இறப்பு, அதாவது 23.6 விழுக்காடு, கூடியவர் பிரிவில் 45 பேரில் 3 இறப்பு, அதாவது 6.7 விழுக்காடு. இல்லாத ஒரு பயன் மூன்றரை மடங்காகத் தோன்றுகிறது.

எடை கூடியவர் என்ற பெயரைப் பெறுவதற்கே ஒருவர் இரண்டு மாதம் உயிரோடிருந்தாக வேண்டும் என்பதை மறந்ததன் விளைவு இது. இரண்டாம் மாத முடிவை எல்லைக்கல்லாக வைத்து, அந்நாளில் உயிரோடிருப்பவர்களை மட்டும் பிரித்து, அதற்குப் பின் நேரும் இறப்புகளை மட்டும் எண்ணுவதே முறையான திருத்தம். புற்றுநோய் ஆய்வுகளில் நேர்ந்து வந்த இதே தவறைச் சுட்டி ஆண்டர்சன், கெயின், கெல்பர் ஆகியோர் 1983-இல் இத்திருத்தத்தை வலியுறுத்தினர். எனினும் எல்லைக்கல் முறை முதல் இரு மாத இறப்புகளைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறது. காசநோயில் இறப்புகளின் பெரும்பங்கு நிகழ்வது அந்த இரு மாதங்களில்தான்.

மூன்றாவது வழி, காக்ஸ் முறையில் ஒவ்வொரு நாளுக்கும் கடைசியாகப் பார்த்த எடையை இட்டுக் கணக்கிடுவது. முன்னவற்றை விட இது மேம்பட்டது. ஆனால் அடுத்த எடை பார்க்கும் நாள்வரை எடை மாறவே இல்லை என்றும், தராசு காட்டியதே உண்மை எடை என்றும் இது கொள்கிறது. 45, 44, 43 என்று இறங்கிவந்த ஒருவரின் எடை அடுத்த முறை 46 என்று பதிவானால், அது கால் வீக்கத்தால் வந்ததாகவும் இருக்கலாம். இவ்வகைப் பிழைகள் எடைக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை உண்மையை விடப் பலவீனமாகக் காட்டும் என்பதை 1982-இல் பிரென்டிஸ் எடுத்துக்காட்டினார்.

இணைப்பு முறை

இக்குறைகளைக் களையும் நோக்குடன் தோன்றியதே தொடர் அளவீடுகளையும் உயிர்வாழ் காலத்தையும் ஒருங்கே மதிப்பிடும் இணைப்பு முறை. இதன் உடனடித் தூண்டுகோல் எய்ட்ஸ் நோய். 1980-களின் இறுதியிலும் 1990-களிலும், நோயாளியின் இரத்தத்திலுள்ள 'சிடி4' என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து அளந்து, அதன் போக்குக்கும் நோய் முற்றுதல், இறப்பு ஆகியவற்றுக்கும் உள்ள உறவை அறிய வேண்டிய அவசரம் ஏற்பட்டது. உல்ஃப்சன், ஸியாட்டிஸ் ஆகியோர் 1997-இலும், ஹெண்டர்சன், டிகிள், டாப்சன் ஆகியோர் 2000-இலும் வெளியிட்ட கட்டுரைகள் இம்முறைக்கு உறுதியான வடிவம் தந்தன.

இதன் அமைப்பைக் காசநோயாளியின் எடையைக் கொண்டே விளக்கலாம். இதில் இரு பகுதிகள் உண்டு. முதல் பகுதி எடைக் கோடு: தராசு காட்டும் எடை என்பது நோயாளியின் உண்மை எடையும் அளவைப் பிழையும் சேர்ந்தது, உண்மை எடை என்பது சராசரிக் கோடும் அவருக்கே உரிய தனி விலகலும் சேர்ந்தது. இரண்டாம் பகுதி இடர்வீதம்: எந்த ஒரு நாளிலும் நோயாளியின் இடர்வீதம், அந்நாளில் அனைவருக்கும் பொதுவான அடிப்படை இடர்வீதத்தை, அந்நாளில் அவருடைய உண்மை எடை நிர்ணயிக்கும் ஒரு மடங்கால் பெருக்கக் கிடைப்பது.

இரு பகுதிகளையும் பிணைப்பது அந்தத் தனி விலகல். அது எடைக் கோட்டிலும் உண்டு, இடர்வீதத்திலும் உண்டு. ஆகவே இரு பதிவேடுகளும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. எடைக் குறிப்புகள் இறப்பின் அபாயத்தைப் பற்றிச் சொல்கின்றன. இறப்பும் எடைக் கோட்டைப் பற்றிச் சொல்கிறது. சேர்ந்த நாளில் ஒரே ஒருமுறை எடை பார்க்கப்பட்டு ஐந்தாம் வாரம் இறந்துபோன நோயாளி, சாதாரண எடை அட்டவணையில் இரண்டாம் மாதத்திலிருந்து மறைந்துவிடுகிறார். இணைப்பு முறையில் அவ்வாறு மறைவதில்லை. அவருடைய கோடு பெரும்பாலும் இறங்குமுகமாகவே இருந்திருக்கும் என்பதை அவரது இறப்பு உணர்த்துகிறது; சராசரிக் கோடும் அதற்கேற்பத் திருத்தம் பெறுகிறது. நமது பத்துப் பேர் கணக்கில் தோன்றிய மூன்று கிலோப் பொய் உயர்வு இவ்வாறுதான் நீங்குகிறது.

இரு பகுதிகளையும் பிணைக்கும் எண்ணைப் படிப்பதில் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கிலோ கூடுதல் எடை இடர்வீதத்தைப் பத்து விழுக்காடு குறைக்கிறது என்று ஒரு கணக்கில் வந்தால், ஐந்து கிலோ ஐம்பது விழுக்காடு குறைக்கும் என்பது பிழை. ஒவ்வொரு கிலோவும் இடர்வீதத்தை 0.9 ஆல் பெருக்குகிறது. ஐந்து முறை பெருக்கினால் 0.59, அதாவது குறைவு 41 விழுக்காடு.

ஜார்க்கண்டில் கண்டது

இத்தகைய தகவல்கள் நமது நாட்டில் எவ்வளவு பயனுள்ளவை என்பதற்கு ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்ற ஆய்வு ஒன்று சான்று. காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வழங்குவதன் பயனை அறிய 2019-இல் தொடங்கிய அந்த ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதில் சேர்ந்த 2,800 நோயாளிகளுக்கும் மாதந்தோறும் பத்துக் கிலோ உணவுப் பொருள் வழங்கப்பட்டது. நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையினர் சேரும்போதே எடை குறைந்தவர்கள். சிகிச்சைக் காலத்தில் 108 பேர் இறந்தனர். இரண்டாம் மாதத்தில் ஐந்து விழுக்காடு எடை கூடியிருந்தவர்களிடம் இறப்பின் இடர்வீதம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது.

40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஐந்து விழுக்காடு என்பது இரண்டு கிலோ. இரண்டே கிலோவில் இவ்வளவு வேறுபாடா என்று வியப்பது இயல்பு. ஆனால் இங்கே நிர்வாகி நிதானித்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எடை கூடியதால் நோயாளி பிழைத்தாரா? அல்லது மருந்து நோயை அடக்கியதால் அவர் பிழைக்கவும் செய்தார், எடை கூடவும் செய்ததா? முதலாவது உண்மையானால் எடை ஒரு காரணம். இரண்டாவது உண்மையானால் எடை ஓர் அறிகுறி மட்டுமே. ஆய்வில் எல்லா நோயாளிகளுக்கும் உணவு வழங்கப்பட்டதால், நோயாளிகளைப் பொறுத்தவரை இந்த ஒப்பீடு மட்டும் இக்கேள்வியைத் தீர்க்க இயலாது.

இவ்வேறுபாடு வெறும் தர்க்கம் அன்று என்பதற்கு இரு வரலாற்றுச் சான்றுகள் உள்ளன. சென்னையில் 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் சிகிச்சையளித்தது. 1959-இல் வெளியான முடிவுகள் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றின. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களின் எடை அதிகமாகக் கூடியது. எனினும் நோய் தணிவதில் வீட்டுச் சிகிச்சை பெற்றவர்கள் பின்தங்கவில்லை. எடையில் தோன்றிய வேறுபாடு குணமடைவதில் தோன்றவில்லை.

மற்றொன்று எய்ட்ஸ் நோயைப் பற்றியது. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளில் 1,749 பேரைக் கொண்டு நடத்தி 1994-இல் முழுமையாக வெளியிடப்பட்ட 'கன்கார்ட்' ஆய்வில், 'ஜிடோவுடின்' மருந்தை உடனே பெற்றவர்களின் சிடி4 அணுக்கள், தாமதித்துப் பெற்றவர்களை விட உயர்ந்தே இருந்தன. ஆனால் மூன்றாண்டு முடிவில் உயிர்வாழ்ந்தோர் விகிதத்தில் அவர்கள் முந்தவில்லை. அறிகுறி முன்னேறியது, ஆயுள் நீளவில்லை.

சென்னை ஆய்வையும் ஜார்க்கண்ட் ஆய்வையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. சென்னையில் அளக்கப்பட்ட முதன்மை முடிவு ஓராண்டுச் சிகிச்சையின் பின் நோய் தணிந்ததா என்பது. ஜார்க்கண்டில் இங்கு நாம் காண்பது இறப்பு. முன்னது இரு குழுக்களை ஒப்பிடுகிறது. பின்னது ஒரே குழுவிலுள்ள தனி மனிதர்களை ஒப்பிடுகிறது. கடும் ஊட்டச்சத்துக் குறைவு உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிறது என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆதலால் எடை ஓரளவு காரணமாகவும் இருக்கக்கூடும். மேலும் ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாரை எடுத்துக்கொண்டால், உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. இது குலுக்கல் முறையிலான ஒப்பீடு என்பதால், உணவின் பயனுக்கு இது வலுவான சான்று. இணைப்பு முறை எடைக்கும் இறப்புக்கும் உள்ள உறவின் வலிமையைப் பிழையின்றி அளக்கும். அந்த உறவு காரண உறவா என்பதை ஆய்வின் அமைப்பே தீர்மானிக்கும்.

நிர்வாகத்துக்குப் பயன்

காரணமா, அறிகுறியா என்பது தீராத நிலையிலும், எடை ஒரு நல்ல எச்சரிக்கை மணி. இணைப்பு முறையின் மிகப் பெரிய நடைமுறைப் பயன் இங்கேதான் உள்ளது. ஒரு நோயாளியின் அபாயத்தைச் சேர்ந்த நாளில் ஒருமுறை மதிப்பிட்டு விட்டுவிடாமல், ஒவ்வொரு முறை எடை பார்த்ததும் அதனைப் புதுப்பிக்க இம்முறை இடமளிக்கிறது. சேரும்போது அபாயம் குறைந்தவராகக் கருதப்பட்டவரின் கோடு இறங்கத் தொடங்கினால், அடுத்த சில வாரங்களில் அவர் உயிர்வாழும் வாய்ப்பு எவ்வளவு குறைந்துள்ளது என்பதை எண்ணாகவே கூறலாம். கள ஊழியர் யாருடைய வீட்டுக்கு முதலில் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்ய அது உதவும்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் கண்டறியப்பட்டவுடனேயே கடும் ஊட்டச்சத்துக் குறைவு, மூச்சுத் திணறல், துணையின்றி நிற்க இயலாமை ஆகியவற்றைச் சோதித்து, அபாயமுள்ளவர்களை மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்கிறது. முதல் வாரங்களில் நேரும் இறப்புகளைத் தடுக்க இத்தகைய தொடக்கச் சோதனையே சிறந்தது; அதற்குத் தொடர் அளவீடுகள் வரும்வரை காத்திருக்க இயலாது. தொடக்கச் சோதனையில் தப்பியவர்களுக்குத் தொடர் அளவீடு இரண்டாம் வலையாக அமையும்.

நிதி ஒதுக்கீட்டுக்கும் இது பொருந்தும். நாடு முழுவதும் காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்து உதவியாக 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகையின் பயனை மதிப்பிடுவோர், உதவி பெற்றவர்களின் சராசரி எடை உயர்ந்தது என்று மட்டும் எழுதினால் போதாது. அந்த உயர்வில் எவ்வளவு உணவால் வந்தது, எவ்வளவு மெலிந்தவர்கள் கணக்கிலிருந்து மறைந்ததால் வந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும். மேலும், உதவித் தொகை தாமதமாக வந்த இடங்களில், தொகை கைக்கு வரும்வரை உயிரோடிருந்தவர்களே 'பெற்றவர்' பட்டியலில் இடம்பெறுவர். முன்னர்க் கூறிய இரண்டாவது குறுக்கு வழியின் தவறு இங்கும் அப்படியே நேரும்.

முறையின் வரம்புகள்

எந்த முறையும் தகவலின் குறையை முழுதும் ஈடுசெய்யாது. எடைக் கோடு நேர்கோடு என்று கொண்டு, உண்மையில் அது முதலில் விரைந்து ஏறிப் பின்னர் நின்றுவிடுவதாக இருந்தால் முடிவுகள் பிழைபடும். இறப்புகள் மிகச் சிலவாக இருப்பின் பிணைப்பு எண்ணின் மதிப்பீடு உறுதியற்றதாகும். சிகிச்சையைக் கைவிட்டுச் சென்றவர்களை, வெளியூருக்கு முறையாக மாற்றப்பட்டவர்களோடு சேர்த்து இடையறு தகவலாகக் கொள்வதும் சரியன்று. கூலி வேலை தேடிச் சென்றவரும், நடக்க இயலாமல் வீட்டில் கிடப்பவரும் பதிவேட்டில் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டிருக்கலாம். அவர்களின் அபாயம் ஒன்றன்று.

கணக்கிடும் உழைப்பு இப்போது ஒரு தடையல்ல. ஒரு காலத்தில் பெரிய கணிப்பொறிகளுக்கே உரியதாக இருந்த இக்கணக்கை, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு சாதாரணக் கணிப்பொறியிலேயே செய்ய முடிகிறது. தடையாக இருப்பது பதிவேடு.

பதிவேட்டில் வேண்டியவை

இம்முறையைப் பயன்படுத்தும் நாள் வரும்வரை காத்திராமல், நமது அலுவலகங்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. எடையுடன் அது எடுக்கப்பட்ட தேதியையும் எழுத வேண்டும். 'இரண்டாம் மாதம்' என்று மட்டும் எழுதுவது போதாது. எடை பார்க்கப்படாத மாதத்தில் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஏன் பார்க்கவில்லை என்று குறிக்க வேண்டும். முந்தைய எடையையோ சுழியையோ இட்டு நிரப்பக் கூடாது. கால் வீக்கம் இருப்பின் எடையின் பக்கத்திலேயே அதனைக் குறிக்க வேண்டும். இறப்பு, மாற்றம், கைவிடல் ஆகிய மூன்றையும் தனித்தனியே, தேதியுடன் பதிய வேண்டும். எடைப் பதிவேட்டிலும் சிகிச்சை முடிவுப் பதிவேட்டிலும் ஒரே நோயாளி எண் இருக்க வேண்டும். அஃது இல்லையேல் இரு பதிவேடுகளையும் எந்த முறையாலும் இணைக்க முடியாது.

இறுதியாக, மேலிடத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு சராசரிக்கும் அருகில் இரு எண்கள் இருக்க வேண்டும்: தொடக்கத்தில் இருந்தவர் எத்தனை பேர், இப்போது எடை பார்க்கப்பட்டவர் எத்தனை பேர். இவ்விரு எண்களும் வேறுபட்டால், வேறுபாட்டுக்கு உரியவர்கள் எங்கே என்று அட்டவணையைப் படிப்பவர் கேட்பார். அந்த மாவட்டக் கூட்டத்தில் இளம் உதவியாளர் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வியை, அதன் பின் எவரும் தயங்கிக் கேட்க வேண்டியிராது. அட்டவணையே அதனைக் கேட்டுவிடும்.